அந்தரத்தில் அசையாமல் நிற்க

1907-இல் பிரான்சில் லூயி பிரெகே நான்கு சுழலிகள் கொண்ட ஒரு பறக்கும் இயந்திரத்தைக் கட்டினார். ஒரு ஆளைச் சுமந்துகொண்டு அது தரையை விட்டு எழும்பவும் செய்தது. உயரம் சுமார் 2 அடி. ஆனால் கவிழ்ந்துவிடாமல் இருக்க, நான்கு மூலைகளிலும் நான்கு பேர் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று கைக்கு அடக்கமான ஒரு ட்ரோன் அந்தரத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல நிற்கிறதே, அந்த நான்கு பேரின் வேலையை அதற்குள் விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லு பார்த்துக்கொண்டிருக்கிறது.

சொந்தமாக ஒரு ஸ்மார்ட் ட்ரோன் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேமராவில்தான் தொடங்குகிறார்கள். ஆளைப் பின்தொடர வேண்டும், முகத்தை அடையாளம் காண வேண்டும், தானே தரையிறங்க வேண்டும் என்று பட்டியல் நீளும். எல்லாம் நல்ல ஆசைகள்தான். ஆனாலும் ட்ரோனின் புத்தியில் முக்கால்வாசி சும்மா நிற்பதிலேயே செலவாகிறது என்பேன். அந்த நிற்றல் எப்படி நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், மற்றதெல்லாம் அதன்மேல் அடுக்கும் வேலை.

நான்கு மோட்டார் ஏன்? ஹெலிகாப்டரில் மேலே ஒரே பெரிய சுழலி. அது ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்னச் சுழலி. நான்கு சுழலி ட்ரோனான குவாட்காப்டரில் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு மோட்டார்கள் கடிகாரச் சுற்றிலும், மற்ற இரண்டும் எதிர்ச்சுற்றிலும் ஓடுகின்றன. ஒன்றின் முறுக்கை மற்றொன்று அடித்துவிடும். வலப்பக்கம் போக வேண்டுமா? இடப்பக்க மோட்டார்கள் இரண்டும் வேகம் கூட்டும், வலப்பக்கத்தவை குறைக்கும். ட்ரோன் வலப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமே நகரும். நின்ற இடத்திலேயே மூக்கைத் திருப்ப, ஒரே திசையில் சுற்றும் ஜோடியை வேகப்படுத்தி மற்ற ஜோடியை அதற்கேற்பக் குறைத்தால் போதும். மொத்தத் தூக்கு மாறாது, முறுக்கு மட்டும் மிஞ்சும். நகரும் பாகங்கள் என்று பார்த்தால் நான்கு மோட்டார்கள், அவ்வளவுதான். ஹெலிகாப்டரின் பல்சக்கரங்களும் இணைப்புக் கம்பிகளும் செய்த வேலை அத்தனையும் நிரலின் தலையில் வந்து விழுந்துவிட்டது.

உடம்பைக் கட்டுவதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் பூட்டிய பிறகு மொத்த எடை 1,200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்தரத்தில் நிற்க ஒவ்வொரு மோட்டாரும் 300 கிராம் தூக்க வேண்டும். முழு வேகத்தில் அதைப்போல இரண்டு மடங்காவது, அதாவது 600 கிராம், தூக்க முடிகிற மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமிருக்கும் அந்த வலுவில்தான் காற்றைச் சமாளிப்பதும் சாய்ந்த உடம்பை நிமிர்த்துவதும் நடக்கும். மோட்டாரின் மேல் 2212 என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் (சுற்றாமல் நிற்கும் கம்பிச்சுருள் பகுதியின்) விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12 மில்லிமீட்டர் என்று பொருள். கேவி 1000 என்றால், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று. 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 11,100 சுற்று. பேட்டரி 2,200 மில்லி ஆம்பியர் மணி, நிற்கும்போது மின்சாரம் 13 ஆம்பியர் என்றால், ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவழித்து இறங்குவதாகக் கணக்கிட்டால் பறக்கும் நேரம் சுமார் 8 நிமிடம். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஈஎஸ்சி என்ற சின்னப் பலகை இருக்கிறது. ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் பலகை சொல்லும் வேகத்தை மூன்று கம்பிகளில் மாறி மாறிப் பாயும் மின்சாரமாக அது மாற்றித் தருகிறது. லிப்போவைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பு: ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும், ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

சரி, இப்போது அந்த நான்கு பேரின் வேலைக்கு வருவோம்.

நிற்க வேண்டுமென்றால் முதலில் தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று ட்ரோனுக்குத் தெரிய வேண்டும். எம்பியூ-6050 போன்ற ஒரு சில்லுக்குள் இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று ஜைரோ. சிலிக்கானில் செதுக்கிய கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன எடை அதற்குள் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சில்லு திரும்பினால், அந்த அதிர்வு கொரியோலிஸ் விசையால் பக்கவாட்டில் தள்ளப்படும். அந்தத் தள்ளலை அளந்தால் திரும்பும் வேகம் கிடைக்கும். இன்னொன்று முடுக்கமானி. அதில் ஒரு குட்டி எடை மெல்லிய சுருள்களில் தொங்குவதுபோல நிற்கிறது. ட்ரோன் அசையாமல் இருந்தால், எந்தப் பக்கம் கீழ் என்று அது காட்டும். செல்பேசியைச் சாய்த்தால் திரை புரள்வதும் இதே உணரியால்தான். செல்பேசிகளுக்காகவும் விளையாட்டுக் கருவிகளுக்காகவும் இவற்றைக் கோடிக்கணக்கில் செய்யத் தொடங்கிய பிறகுதான் ட்ரோன் கட்டுவது பொழுதுபோக்காக மாற முடிந்தது. தொடக்கக் காலத்தில் ஆர்வலர்கள் நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியோடு இணைக்கும் துணைக்கருவியைப் பிரித்து, உள்ளேயிருந்த ஜைரோவை எடுத்துப் பறக்கவிட்டார்கள். அதன் நினைவாகத்தான் ஒரு பழைய திறந்தமூல நிரலுக்கு மல்ட்டிவீ என்று பெயர்.

இந்த இரண்டு உணரிகளுக்கும் ஆளுக்கொரு குறை உண்டு. ஜைரோ வேகத்தைத்தான் சொல்லும். கோணம் வேண்டுமானால் அதை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு துளி பிழை சேர்ந்து, சில நிமிடங்களில் கோணம் எங்கேயோ போய்விடும். முடுக்கமானிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மோட்டார் அதிர்வில் அதன் அளவு தாறுமாறாகக் குதிக்கும். ஜைரோவை இந்தக் கணத்துக்கும் முடுக்கமானியை நீண்ட நேரத்துக்கும் நம்பலாம். இரண்டையும் சேர்க்க ஒரே வரி போதும்:

கோணம் = 0.98 × (பழைய கோணம் + ஜைரோ வேகம் × இடைவெளி நேரம்) + 0.02 × முடுக்கமானி காட்டும் கோணம்

இதை முதன்முறை எழுதி ஓடவிட்டு, பலகையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். திரையில் மூன்று கோடுகள் ஓடட்டும். முடுக்கமானியின் கோடு ரம்பப் பல் மாதிரி நடுங்கும். ஜைரோவின் கோடு வழவழப்பாக, ஆனால் மெல்ல மெல்ல விலகிப் போகும். மூன்றாவது கோடு இரண்டுக்கும் நடுவே நிதானமாகக் கையோடு கூடவே வரும். நம்பத் தகாத இரண்டு சாட்சிகளிடமிருந்து ஓர் உண்மை தேறி வருவதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்காகவே இந்தப் பொழுதுபோக்கைப் பரிந்துரைப்பேன். பெரிய ட்ரோன் நிரல்கள் கால்மன் வடிகட்டியைப் பயன்படுத்துகின்றன. எந்த அளவீட்டை எவ்வளவு நம்புவது என்பதை அது அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டு மாற்றிக்கொள்ளும். ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்ட அந்தக் கணிதம்தான் அப்பல்லோ விண்கலங்களுக்கும் வழிகாட்டியது.

சாய்வு தெரிந்தது, அப்புறம் அதைச் சரிசெய்ய வேண்டும். இங்கேதான் பிஐடி என்ற கட்டுப்பாட்டு முறை வருகிறது. இதன் வரலாறு கடலில் தொடங்குகிறது. 1922-இல் நிக்கொலாஸ் மினோர்ஸ்கி, அனுபவசாலியான சுக்கான்காரர்கள் கப்பலை எப்படித் திசைமாறாமல் ஓட்டுகிறார்கள் என்று கவனித்து, அதைச் சமன்பாடாக எழுதினார். அவர்கள் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதோடு நிற்பதில்லை. இதுவரை ஒரே பக்கமாக எவ்வளவு ஒதுங்கி வந்திருக்கிறோம், இந்த விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்தே சுக்கானைத் திருப்புகிறார்கள். இந்த மூன்றும்தான் பி, ஐ, டி.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கையால் தொட்டுப் புரிந்துகொள்வது மேல். நான் செய்தது இப்படி. ஒரு நீளமான சட்டம், அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு மோட்டார், நடுவில் ஒரு கம்பியைக் கோத்து ஏற்றப் பலகைபோல ஆடவிட்டேன். முதலில் பி மட்டும். சட்டம் ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்க மோட்டார் வேகம் எடுக்கும். சட்டம் எழுந்தது, ஆனால் மட்டத்தில் நிற்கவில்லை. அந்த வேகத்திலேயே கடந்து மறுபக்கம் போய், திரும்பி வந்து, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. பி எண்ணைக் கூட்டினால் ஆட்டம் வெறிபிடித்த நடுக்கமாக மாறியது. பிறகு டி-யைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். மட்டத்தை நெருங்கும்போதே அது எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தும். ஓர் அளவை எட்டியதும் சட்டம் எழுந்து, ஒரே ஒரு முறை தலையசைத்து நின்றது. விரலால் தட்டினால், தள்ளிய விரலைச் சட்டம் திருப்பித் தள்ளுகிறது! ஆனால் பார்வைக்கு மட்டமாகத் தெரிந்தாலும் ஒரு பக்கம் அரை டிகிரி தாழ்ந்தே இருந்தது; அந்தப் பக்கம் கம்பிகளின் எடை. ஐ-யைக் கொஞ்சம் சேர்த்ததும் அந்த அரை டிகிரியும் சில நொடிகளில் கரைந்துபோனது. டி-யை அளவுக்கு மீறிக் கூட்டியபோது மோட்டார்கள் கரகரவென்று சத்தமிட்டுச் சூடாகின. அதிர்வின் ஒவ்வொரு துணுக்கையும் ஒரு மாற்றம் என்று அது எடுத்துக்கொள்கிறது.

இதே வேலையை முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, திருப்பம் என்று மூன்று அச்சுகளிலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சில பலகைகளில் ஆயிரக்கணக்கான முறை செய்தால், அதுதான் நிற்கிற ட்ரோன். ஒற்றை அச்சைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். முழு ட்ரோனுக்கு ஆர்டுபைலட் அல்லது பிஎக்ஸ்4 போன்ற திறந்தமூல நிரலை ஏற்றிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் பேர் பறக்கவிட்டு, விழுந்து, திருத்திய நிரல் அது. மேசைமேல் எந்தச் சோதனை செய்தாலும் விசிறிகளைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். நிரலில் ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறியிருந்தால், மோட்டார் முழு வேகத்தில்தான் அதை உங்களுக்குச் சொல்லும்.

இவ்வளவும் செய்த பிறகும் ட்ரோன் மட்டமாகத்தான் நிற்கும். ஒரே இடத்தில் நிற்காது. மெல்லிய காற்று வீசினாலும், மட்டம் குலையாமலே நகர்ந்து போய்விடும். முடுக்கமானியை வைத்தே இடத்தைக் கணக்கிடலாமே என்று தோன்றும். புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு பிழை இருந்தால் போதும், 10 நொடியில் கணக்கு 5 மீட்டர் தவறும், ஒரு நிமிடத்தில் 170 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே வெளியிலிருந்து சாட்சி வேண்டும். ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். காற்றழுத்தமானி உயரத்தைச் சொல்லும்: தரைமட்டத்துக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் 12 பாஸ்கல் அளவுக்குக் குறையும், அதையும் அது உணர்ந்துவிடும். விசிறிக் காற்று அதன்மேல் பட்டால் உயரம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தச் சில்லின்மேல் ஒரு துண்டு ஸ்பான்ஜை ஒட்டுகிறார்கள். திசைகாட்டிக்கோ பேட்டரிக் கம்பிகளின் மின்சாரமே எதிரி. ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் ஒரு குச்சியின் உச்சியில் தனியாக நிற்பதன் காரணம் இதுதான்.

இதற்குமேல்தான் ஸ்மார்ட் என்ற சொல்லுக்கு வேலை. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு குட்டிக் கணினியை ட்ரோனில் ஏற்றி, ஃப்ளைட் கன்ட்ரோலரோடு கம்பியால் இணைக்க வேண்டும். இரண்டும் பேசிக்கொள்ளும் மொழிக்கு மேவ்லிங்க் என்று பெயர். "வடக்கே நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போ" என்று பைதான் நிரல்மொழியில் சொன்னால், அதைச் சாய்வாகவும் மோட்டார் வேகமாகவும் மாற்றுவது கீழ்த்தளத்தின் பொறுப்பு. இந்தப் பிரிவினை அருமையான ஏற்பாடு. கேமரா நிரல் ஒரு படத்தைப் பார்க்க 100 மில்லி நொடி எடுத்தாலும், பாதியில் நின்றே போனாலும் ட்ரோன் கவிழாது. பிஎக்ஸ்4-இல் வெளிக் கணினியின் கட்டளை நொடிக்கு இரண்டு முறையாவது வந்துகொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் மேலே ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு, முன்பே சொல்லிவைத்தபடி நிற்கும், இறங்கும் அல்லது திரும்பி வரும். எழுதியதை முதலில் கணினிக்குள் ஓடும் பாவனை ட்ரோனில் பறக்கவிட்டுப் பார்க்கலாம். வெளியே பறக்கவிடும் முன் உங்கள் நாட்டு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் 250 கிராம் என்பது முக்கியமான எல்லை.

முதல் ஸ்மார்ட் வேலையாக, தரையில் வைத்த ஒரு குறியின்மேல் தானே இறங்குவதை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அருகோ குறி ஒன்றை அச்சடித்துத் தரையில் ஒட்டி, கீழ்நோக்கிய கேமராவில் ஓப்பன்சிவி என்ற படம் அலசும் நிரல் கொண்டு தேடினால் எளிதில் கண்டுபிடித்துவிடும். படத்தில் குறி வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் போ என்று எழுதுவோம். ஓடவிட்டால் ட்ரோன் குறியின்மேல் பெண்டுலம் மாதிரி வீசி ஆடும். காரணம் இதுதான்: வலப்பக்கம் நகர ட்ரோன் வலப்பக்கம் சாய வேண்டும், சாய்ந்ததும் அடியில் இருக்கும் கேமரா இடப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கும், குறி படத்தில் இன்னும் வலப்பக்கம் தள்ளிப்போகும், நிரல் இன்னும் சாயச் சொல்லும். 10 மீட்டர் உயரத்தில் 5 டிகிரி சாய்ந்தாலே தரையில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் தவறிக் காட்டும். படம் எடுத்த அதே கணத்தின் சாய்வை ஜைரோ கணக்கிலிருந்து வாங்கி, அந்த அளவைக் கழித்துவிட்டால் ஆட்டம் அடங்கும்.

நெருங்க நெருங்கக் குறி படத்துக்குள் அடங்காமல் போய்விடும். அதனால் பெரிய குறியின் நடுவே ஒரு சின்னக் குறியையும் வைப்பார்கள். கடைசி ஒரு மீட்டரில் சின்னதைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். தரையைத் தொட்டுவிட்டோம் என்று ட்ரோனுக்கு எப்படித் தெரியும்? காலில் பொத்தான் எதுவும் இல்லை. கீழே இறங்கு என்று சொல்லிக்கொண்டே மோட்டார் வேகத்தைக் குறைத்து வருகிறது. ஆனாலும் உயரம் குறையவில்லை, முடுக்கமானியிலும் அசைவில்லை. இந்த நிலை ஒரு நொடி அப்படியே நீடித்தால், தன்னைத் தாங்குவது இனி காற்று இல்லை, தரை என்று முடிவுசெய்து நான்கு மோட்டார்களையும் அணைத்துவிடும்.