அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை

"என்ன மாத்திரைம்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"சின்னதா, வெள்ளையா இருக்கும் தம்பி. காலையில ஒண்ணு. பேரெல்லாம் தெரியாது. டப்பாவோட தண்ணியில போயிடுச்சு."

வெள்ள நிவாரண முகாமில் மருந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இந்தப் பேச்சு மனப்பாடம். நான் மருந்தாளுநர். மருத்துவ உதவித் தொண்டு நிறுவனங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். பேரிடர் வந்தால் முகாம். வராத நாட்களில் காப்பீடு இல்லாதவர்களுக்கான இலவச மருந்தகம். இரண்டு இடத்திலும் மேசைக்கு எதிரே உட்காருபவர் கிட்டத்தட்ட ஒரே ஆள்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

பேரிடர் மருத்துவம் என்றால் ஹெலிகாப்டர், ஸ்ட்ரெச்சர், கூடாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நிலநடுக்கம் என்றால் அது சரிதான். ஆனால் வெள்ளத்திலும் புயலிலும் நான் பார்த்த வரிசைகளில் காயம்பட்டவர்கள் கொஞ்சம்தான். மருந்து விட்டுப்போனவர்கள்தான் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு. வீட்டோடு மாத்திரை போயிருக்கும், மருந்துச் சீட்டு போயிருக்கும், வழக்கமாக வாங்கும் கடையும் தண்ணீருக்குள் இருக்கும்.

சின்ன வெள்ளை மாத்திரைக்கு வருவோம். ரத்த அழுத்த மாத்திரைகளில் பல அப்படித்தான் இருக்கும். தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். சர்க்கரை மாத்திரையிலும் உண்டு. ஊகத்தில் எடுத்துக் கொடுத்தால் ஆபத்து, அதனால் துப்பறிய வேண்டியிருக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில், அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றால் தைராய்டாக இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து என்றால் சர்க்கரையா என்று யோசிப்போம். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் என்றால் இதயம். "அப்பப்ப ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாத்துவாங்க" என்று யாராவது சொன்னால் நான் நிமிர்ந்து உட்காருவேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையாக இருக்கலாம். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் அடைப்பு. "நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார்" என்றால், வலிப்புக்கா என்று கேட்பேன். அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே உலை வைக்கலாம். செவிலியர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து மருத்துவர் முடிவு செய்வார்.

அன்றைக்கு அந்த அம்மாவின் மருமகள் செல்போனில் பழைய சீட்டின் படம் ஒன்று கிடைத்தது. தைராய்டு. கண்டுபிடிக்க இருபது நிமிடம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

நன்கொடை கொடுக்க வருபவர்களிடம் இந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் ஒரு பையோடு வருவார்கள். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகள். பாதி வெட்டிய அட்டை, மூடி திறந்த சிரப், இறந்துபோன அப்பாவின் இதய மருந்து. நல்ல மனசுதான். ஆனால் எங்களுக்கு அது இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரை.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய நிலநடுக்கம். பல நாடுகளிலிருந்து 5,000 டன் மருந்துகளும் மருத்துவப் பொருட்களும் வந்து குவிந்தன. என்னென்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. வந்து சேர்ந்தபோதே 8 சதவீதம் காலாவதி. 4 சதவீதம் உறைபனியில் வீண். மிச்சத்தில் சட்டென்று அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான். பெரும்பாலானவற்றில் பிராண்டு பெயரைத் தவிர வேறு எதுவும் அச்சாகியிருக்கவில்லை. அடுத்த வருடம், போரில் சிக்கியிருந்த எரித்ரியாவுக்கு ஏழு லாரி காலாவதியான ஆஸ்பிரின் போய்ச் சேர்ந்தது. எரித்து முடிக்க ஆறு மாதம். சோறு சமைக்க விறகு இல்லாத இடத்தில் ஆஸ்பிரின் எரிக்க ஆள் போட வேண்டிய நிலை.

இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 1996-ல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு விதிமுறை வெளியிட்டது. கேட்ட மருந்தைத்தான் அனுப்ப வேண்டும். நோயாளிக்கு ஒருமுறை கொடுத்துத் திரும்பி வந்ததை அனுப்பக் கூடாது. போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும். கொடுப்பவர் நாட்டில் ஏற்காத தரத்தை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது. கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. இல்லாதவனுக்கு இது போதும் என்ற நினைப்பை விதியாகவே எழுதித் தடுத்திருக்கிறார்கள்.

அதே ஆர்மீனிய நிலநடுக்கம் இன்னொரு பாடத்தையும் விட்டுப்போனது. இடிபாட்டில் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தவரை வெளியே எடுப்பார்கள், பேசுவார், தண்ணீர் கேட்பார். அப்புறம் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மற்ற கழிவுகளும் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் நின்றுவிடும், இதயமும் நிற்கலாம். காப்பாற்றப்பட்ட பிறகு சாவது. அங்கே டயாலிசிஸ் இல்லாமல் பலர் அப்படிப் போனார்கள். அதிலிருந்துதான் உலகச் சிறுநீரகவியல் சங்கம் பேரிடருக்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. 1999-ல் துருக்கியில் மர்மரா நிலநடுக்கம் வந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து அந்தக் குழு டயாலிசிஸ் உதவியோடு களத்தில் இருந்தது.

நல்ல நிறுவனங்கள் இப்போது பையாக அல்ல, பெட்டியாக அனுப்புகின்றன. அவசரகாலச் சுகாதாரப் பெட்டி என்று ஒன்று உண்டு; 10,000 பேருக்கு மூன்று மாதம் தாங்கும் கணக்கில் கட்டியது. உள்ளே 1,000 பேருக்கு ஒன்றாகப் பத்து அடிப்படைத் தொகுப்புகள் தனித்தனியாக இருக்கும். பிரித்துப் பத்துக் கிராமத்துக்கு அனுப்பலாம். மருத்துவரே இல்லாத இடத்தில் சுகாதாரப் பணியாளரே கையாளலாம். ஆனால் நீண்டகால நோய்களுக்கென்று தனிப் பெட்டி பின்னால்தான் வந்தது. அதுவரை முகாமில் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தாராளமாக இருக்கும், சர்க்கரைக்காரர் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

இன்சுலின் தனித் தலைவலி. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மின்சாரம் இல்லாத முகாமில் அதை எங்கே வைப்பது? பனிக்கட்டிப் பெட்டியில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, கட்டிமேலேயே குப்பியை வைத்து உறைய வைத்தவர்கள் உண்டு. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன் இல்லை, கொட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு பெட்டி முழுவதையும் நானே ஒருமுறை கொட்டியிருக்கிறேன். அதனால்தான் 2021-ல் வந்த ஓர் ஆய்வை நான் திரும்பத் திரும்பச் சொல்வது. கென்யாவின் தடாப் அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. 25-க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில், திறந்த இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குறையாமல் இருந்தது. வெயிலில் போட்டு வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரரைத் தினமும் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு நடக்க விட வேண்டியதில்லை என்று அர்த்தம்.

சரி, காப்பீடு இல்லாதவர்கள்.

வெள்ளம் ஒரே ராத்திரியில் செய்வதைப் பணத் தட்டுப்பாடு மாசக்கணக்கில் செய்கிறது. எங்கள் மருந்தகத்துக்கு ஒரு பெரியவர் வருவார். முதல் நாள் ரத்த அழுத்தம் 190-க்கு 110. "மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?" என்றால், ஒரு நாளும் விட்டதில்லை என்றார் கோபமாக. அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாத அட்டை, வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு மாத்திரையையும் பிளேடால் இரண்டாக வெட்டிப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளும் விடவில்லைதான், பொய் சொல்லவில்லை. அதே குணமுள்ள விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைக்கு அவருடைய மருத்துவரிடம் பேசி மாற்றினோம், அதையும் இலவசமாகக் கொடுத்தோம். எங்கள் தரப்பில் அதற்கு ஆன வேலை ஒரு போன் அழைப்பு.

ரிமோட் ஏரியா மெடிக்கல் என்ற அமைப்பின் கதை இந்த இடத்தில்தான் பொருந்தும். ஸ்டான் பிராக் என்பவர் 1985-ல் தொடங்கியது. தென் அமெரிக்கக் காட்டுப் பகுதியில் வேலை பார்த்தபோது குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டார். மருத்துவரிடம் போக 26 நாள் நடக்க வேண்டும். எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கொண்டுபோவது என்று ஆரம்பித்த அமைப்பு, கடைசியில் பெரும்பாலும் கூடாரம் போட்டது அமெரிக்காவிலேயே. காப்பீடு இல்லாதவர்கள் முதல் நாள் இரவே காரில் வந்து படுத்து, விடிகாலை டோக்கன் வாங்கினார்கள். அதிகம் கேட்டது பல்லுக்கும் கண்ணாடிக்கும். காடுதான் தூரம் என்று கிளம்பியவர், ஊருக்குள்ளேயே அதே தூரத்தைப் பார்த்தார்.

முகாம்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஒரு நாள் முகாம் போட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு" என்று சொல்லி, பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுவது. பதினோராவது நாள் அவர் எங்கே போவார்? தொடர்ந்து பார்க்க ஓர் இடம் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பரிசோதனையால் யாருக்கு லாபம்? இன்னொன்று, படம் எடுக்கத் தோதான நோய்க்குப் பணம் வருவதும் மற்றதற்கு வராததும். குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்கு ஒரே வாரத்தில் நிதி சேர்ந்துவிடும். சேர வேண்டியதும்தான். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? அவர் குணமாகி மாலையோடு நிற்கும் படம் ஒருபோதும் வராது.

உதவி தேடி வருபவர்களிடம் நான் சொல்வது இரண்டொரு விஷயம்தான். நகையை விற்று, வட்டிக்கு வாங்கிக் கட்டி முடித்துவிட்டு வராதீர்கள். கட்டிய பில்லுக்குப் பணம் திருப்பித் தரும் தொண்டு நிறுவனங்கள் அபூர்வம். சிகிச்சைக்கு முன்னால், அல்லது அனுமதித்த அன்றே கேட்க வேண்டும். முதலில் போக வேண்டிய ஆள் அந்த ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். சலுகை நிதி எங்கே இருக்கிறது, எந்த நிறுவனம் எந்த நோய்க்குக் கொடுக்கும், விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துக்கு மருந்துக் கம்பெனியே இலவசத் திட்டம் வைத்திருக்கிறதா என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். நோய் என்னவென்று எழுதிய மருத்துவரின் கடிதம், செலவு மதிப்பீடு, வருமானச் சான்று, இந்த மூன்றும் இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. ஒரு இடத்தில் இல்லை என்றால் பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் அந்த நோய் இல்லை என்றுதான் அர்த்தம்; வேறு எங்கே கேட்கலாம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். முன்பணம் கட்டினால் உதவி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை நல்ல நிறுவனங்கள் நேராக ஆஸ்பத்திரிக்கே கட்டும். உங்களை நம்பாமல் இல்லை, கணக்கு காட்ட அதுதான் வழி.

கொடுக்க நினைப்பவர்களுக்கு: பணமாகக் கொடுங்கள், இதற்கு மட்டும் என்று கட்டிப்போடாமல் கொடுங்கள். தொலைக்காட்சியில் படகு ஓடும் வாரத்தில் எங்களுக்குப் பணம் கொட்டும். இரண்டாம் மாத மாத்திரை தீரும்போது யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மாதத்தில் வரும் சின்னத் தொகையை நாங்கள் மறப்பதில்லை.

அப்புறம், இதை யாரும் இன்றைக்கே செய்யலாம். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதே மருந்தின் பெயரும் மில்லிகிராமும், அது தெளிவாகத் தெரிய வேண்டும். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதி தேதியும் அச்சான ஓரத்தைக் கடைசிவரை விட்டு வைத்து, மறு ஓரத்திலிருந்து வெட்டுங்கள்.