தொவில்: பேயாட்டமா, கழிப்பா?

இலங்கையைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'தொவில்' என்ற சொல் வந்தால், பின்னாலேயே 'பேயாட்டம்' அல்லது 'பிசாசு நடனம்' என்று ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளைக்காரர்கள் 'டெவில் டான்ஸ்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நாம் அதைத்தான் இன்னும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். சிங்களத்திலேயே 'தொவில் நடனவா', அதாவது தொவில் ஆடுவது என்று பேச்சில் சொல்வார்கள் என்பதால், ஆட்டம் என்பதை ஓரளவு மன்னித்துவிடலாம். பேய் என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தொவில் என்பது நோயாளியை நடுவில் உட்காரவைத்துச் செய்யும் இரவுச் சடங்கு. தெற்குக் கரையோரத்தில் மாத்தறை, காலி, பெந்தோட்டைப் பக்கங்களில் நன்றாக வேரூன்றியது. இருட்டியதும் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். நோய் தருவதாக நம்பப்படுகிறவர்களை அழைத்து, படையல் கொடுத்து, பேசிச் சம்மதிக்கவைத்து அனுப்பிவிடுவதுதான் அதன் நோக்கம். நடத்துபவருக்கு 'யக்கெதுரா' என்று பெயர். 'கட்டடியா' என்றும் சொல்வார்கள், ஆனால் நேரில் 'குருன்னான்சே' என்று அழைப்பதுதான் மரியாதை. எதுரா என்றால் ஆசிரியர். நோயாளிக்குப் பெயர் 'ஆதுரயா'. காதில் இரண்டும் ஒன்றுபோல விழும், குழம்பிவிடக் கூடாது. ஆதுரயா நமக்குத் தெரிந்த சொல்தான்: சோழர் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் வரும் ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில் படுத்திருந்தவர்களும் இதே ஆதுரர்கள்தான்.

சரி, வருகிறவர்கள் யார்? 'யக்கா'. பாலியில் யக்க, சமஸ்கிருதத்தில் யக்ஷ, தமிழில் இயக்கன். செத்துப்போனவர்களின் ஆவிக்குச் சிங்களத்தில் வேறு சொல் இருக்கிறது: 'பெரேதயா', பிரேதம் என்பதிலிருந்து வந்தது. நம் பேய்க்கு அதுதான் பக்கம். யக்கா வேறு இனம். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, வேலை உண்டு. ரீரி யக்காவுக்கு இரத்தம், மஹசோனாவுக்குச் சுடுகாடு, களு குமாரயாவுக்குப் பெண்களும் குழந்தைகளும். இவர்கள் எல்லாருக்கும் மேலே ஓர் அரசன் வெஸமுனி, நம் குபேரன். அவன் கொடுத்த 'வரம'த்துக்குள், அதாவது வரத்துக்குள்தான் இவர்கள் நோய் கொடுக்கலாம். படையலை வாங்கிக்கொண்டால் போய்விட வேண்டும். ஆக இது விரட்டல் அல்ல, ஒருவகை வழக்கு விசாரணை. புத்தர் பெயரையும் வெஸமுனி பெயரையும் சொல்லி, சட்டம் பேசி அனுப்புகிறார்கள்.

தொவிலில் எல்லாருக்கும் தெரிந்தது 'சன்னி யகும'. இந்தச் சன்னி வேறொன்றுமில்லை, 'ஜன்னி கண்டுடுச்சு' என்று பாட்டிமார் சொல்லும் அதே ஜன்னி. வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களும் ஒன்றாகக் கெடுகிற சன்னிபாதம். 18 நோய்களுக்கு 18 சன்னி யக்காக்கள். குருட்டுக்குக் கண சன்னி, நொண்டிக்குக் கொர சன்னி, செவிட்டுக்குப் பிஹிரி சன்னி, ஊமைக்குக் கொளு சன்னி என்று போகும். தலைவன் மஹாகோல சன்னி யக்கா. அவன் கதை விசாலை நகரத்தில் நடக்கிறது. அரசன் வீண் சந்தேகத்தில் கர்ப்பிணியான ராணியைக் கொல்லச் சொல்கிறான். பிள்ளை செத்த தாயின் உடலைத் தின்று பிழைக்கிறது, வளர்ந்து நகரத்தின் மேல் நோயை ஏவுகிறது. கடைசியில் புத்தர் வந்து அடக்குகிறார். அரசன் தப்பாகக் கொன்றதற்கு ஊரே அழிவது என்றால் தமிழ்க் காதுக்கு மதுரை ஞாபகம் வராமல் போகாது. அந்தக் கண்ணகியையும் சிங்களவர் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், அது தனிக் கதை.

களத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். குருத்தோலையால் பின்னிய சிறு கூடாரம், அதற்குப் பெயர் 'வீதிய'. கையில் எரிவது 'பந்தம'. அதன் மேல் குங்கிலியப் பொடியை வீசினால் குப்பென்று நெருப்புப் பந்து எழும்பும். யக் பெரய என்ற நீண்ட பறையை இரண்டு கையாலும் அறைவார்கள். முகத்தில் 'வெஸ்முஹுண', வேஷமுகம். காலைக் கட்டிய சேவல் ஒன்று நோயாளியின் பாயருகே கிடக்கும், அதை அறுப்பதில்லை. ஒவ்வொரு சன்னியும் தடுமாறிக்கொண்டு உள்ளே வர, பறை அடிப்பவர் 'எங்கிருந்து வந்தாய், எதற்கு வந்தாய்' என்று வம்புக்கிழுப்பார். யக்கா உளறுவான், ஊர் சிரிக்கும். இரவெல்லாம் பயந்துகிடந்த நோயாளியும் சிரித்துவிடுவார். என்னைக் கேட்டால் மருந்தே அந்தச் சிரிப்புதான். 'பேயாட்டம்' என்ற சொல்லில் இந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை.

அப்புறம், சொல் எங்கிருந்து வந்தது? தமிழ்த் 'தொழில்'தான் 'தொவில்' ஆனது என்று ஒரு கருத்து உண்டு. பொருள் அழகாகப் பொருந்துகிறது. சடங்கைச் 'செய்வது' என்று சொல்வது பல மொழிகளின் வழக்கம்: கிரியை, கருமம், நம் செய்வினை. சிங்களத்திலும் இச்சடங்குகளுக்குச் 'சாந்தி கர்ம' என்ற பொதுப்பெயர் இருக்கிறது. இடிப்பது ஒலிதான். தமிழ் ழகரம் சிங்களத்துக்குப் போனால் லகரமோ ளகரமோ ஆகும் என்றுதான் எதிர்பார்ப்போம், வகரம் ஆவானேன்? தமிழ்நாட்டு வடபகுதிப் பேச்சில் கோழி 'கோயி' ஆவதுபோல் தொழில் 'தொயில்' ஆகி, கோயில் கோவில் ஆன வழியில் தொவில் ஆகியிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே, யாரும் இதை மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.

மூலம் எதுவானாலும், இந்தத் துறையில் இரு மொழிகளும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவை. நம் சூனியம் அங்கே ஹூனியம். பில்லி அங்கேயும் பில்லி. மை போட்டுப் பார்ப்பது அங்கே 'அஞ்சனம்' பார்ப்பது. பாக்குவெட்டியால் எலுமிச்சையை வெட்டித் தோஷம் நீக்குவது 'தெஹி' வெட்டுவது. இலங்கைத் தமிழர் எலுமிச்சையைத் தேசிக்காய் என்பார்கள், சகரம் ஹகரமானால் தெஹி.

இனித் தமிழில் என்ன சொல்லலாம்? சிலர் சங்க காலத்து 'வெறியாட்டு' என்பார்கள். களம் இழைத்து, பலி கொடுத்து, நள்ளிரவில் பாடுவதெல்லாம் ஒத்துப்போகும்தான். ஆனால் அங்கே வேலன் என்ற பூசாரி முருகனைக் களத்துக்கு வரவழைக்கிறான். யாருக்காக ஆடுகிறார்களோ அந்தப் பெண்ணுக்கு வந்திருப்பதோ காதல் நோய், அது தாய்க்குத் தெரியாது! முகமூடியும் கேலியும் பேரமும் அங்கே இல்லை. 'பேயோட்டுதல்' என்பதில் விரட்டல்தான் இருக்கிறது, படையல் கொடுத்து வழியனுப்புவது இல்லை.

எனக்குப் பிடித்தது யாழ்ப்பாணத்தில் புழங்கும் 'கழிப்பு'. நாவூறு கழித்தல், கழிப்புக் கழித்தல் என்று அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். பீடையைக் கொடுத்துக் கழித்துவிடுவது என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. யக்தொவிலை, அதாவது யக்காக்களுக்கான தொவிலை 'இயக்கர் கழிப்பு' என்றும், சன்னி யகுமவைச் 'சன்னிக் கழிப்பு' என்றும் எழுதலாம். கிரகங்களுக்குக் களிமண் உருவம் செய்து நடத்தும் 'பலி' வேறு சடங்கு, அதை இதில் சேர்க்க வேண்டாம். சிங்களப் பெயரையே எழுதுவதென்றால் 'தொவில்' என்று குறிலில் எழுதுங்கள். 'தோவில்' என்று நெடிலில் எழுதுவது தவறு.