உங்கள் டோக்கன் வாலட்டில் இல்லை

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பதிவேட்டில்) சொந்தமாக ஒரு டோக்கன், அதாவது டிஜிட்டல் நாணயம், உருவாக்க பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ரீமிக்ஸ் என்ற இணையதளத்தில் நிரலை எழுதி, அங்கேயே கம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய பைட்டுகளாக மாற்றி), மெட்டாமாஸ்க் என்ற வாலட்டை இணைத்து, செபோலியா என்ற டெஸ்ட்நெட்டில் (சோதனை நெட்வொர்க்கில்) ஏற்றிவிடலாம். கட்டணம் கட்டுவதற்கான ஈதர், அதாவது எத்தீரியத்தின் சொந்த நாணயம்கூட, டெஸ்ட்நெட்டில் இலவசம்தான். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் நாம் உருவாக்கியது என்ன என்பதே புரியும்.

முதலில், வாலட்டுக்குள் டோக்கன் எதுவும் இருப்பதில்லை. அங்கே இருப்பது பரிவர்த்தனைகளில் கையெழுத்திட உதவும் உங்கள் ரகசியச் சாவி மட்டும். டோக்கன் இருக்கும் இடம் ஸ்மார்ட் கான்ட்ராக்டின், அதாவது பிளாக்செயினில் ஏற்றிய நிரலின், சேமிப்பகம். கடைக்காரர் வைத்திருக்கும் பற்று வரவு நோட்டு மாதிரி அங்கே ஓர் அட்டவணை இருக்கிறது: ஒரு பக்கம் முகவரி, எதிரே ஓர் எண். நீங்கள் நண்பருக்கு 50 டோக்கன் அனுப்பும்போது எதுவும் எங்கேயும் நகர்வதில்லை. உங்கள் எண்ணில் 50 குறைகிறது, அவர் எண்ணில் 50 கூடுகிறது. அவ்வளவுதான்.

இந்த நிரல்களை எழுதும் சாலிடிட்டி மொழியில் இந்த அட்டவணைக்கு மேப்பிங் என்று பெயர். இதுவரை எழுதப்படாத ஒரு முகவரியைக் கேட்டால் அது 0 என்று பதில் சொல்லும். ஆக, உலகில் சாத்தியமான எல்லா முகவரிகளுக்கும் உங்கள் டோக்கனில் ஏற்கெனவே கணக்கு உண்டு, இருப்புதான் பூஜ்ஜியம். ஆனால் யார் யாரிடம் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை மேப்பிங்கிடம் கேட்டு வாங்க முடியாது. எத்தீரியப் பதிவுகளைத் தேடிப் பார்க்க உதவும் ஈதர்ஸ்கேன் தளம் காட்டும் பட்டியல், ஒவ்வொரு பரிமாற்றத்திலும் கான்ட்ராக்ட் வெளியிடும் 'டிரான்ஸ்ஃபர்' ஈவென்ட்டுகளை (அறிவிப்புப் பதிவுகளை) கூட்டிக் கழித்துக் கிடைப்பது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யாரிடம் எவ்வளவு ஈதர் இருக்கிறது என்பதை எத்தீரியம் நெட்வொர்க்கே கணக்கு வைத்துக்கொள்கிறது. உங்கள் டோக்கன் அப்படியில்லை. நெட்வொர்க்கைப் பொறுத்தவரை அது ஏதோ ஒரு நிரலின் சேமிப்பில் மாறிக்கொண்டிருக்கும் எண்கள். அதனால்தான் கையில் எவ்வளவு டோக்கன் இருந்தாலும், அதை அனுப்பும் கட்டணத்தை ஈதரில் கட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் முன்பின் தெரியாத உங்கள் டோக்கனை வாலட்டுகள் எப்படிப் புரிந்துகொள்கின்றன? 2015 நவம்பரில் ஃபேபியன் வோகல்ஸ்டெல்லரும் விட்டாலிக் புட்டரினும் முன்வைத்த இஆர்சி-20 என்ற பொது விதிதான் காரணம். மொத்தம் எவ்வளவு, இன்னாரிடம் எவ்வளவு, அனுப்பு, அனுமதி கொடு, கொடுத்த அனுமதி எவ்வளவு, அனுமதியின்பேரில் எடு என்று ஆறு ஃபங்க்ஷன்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வாலட் இவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபங்க்ஷனின் பெயரையும் அதன் உள்ளீட்டு வகைகளையும் கெச்சாக்-256 என்ற ஹாஷில் (எந்தத் தகவலையும் ஒரே நீளமுள்ள எண்ணாக மாற்றும் கணக்கில்) போட்டு, கிடைப்பதில் முதல் 4 பைட்டுகளை மட்டும் அனுப்புகிறது. பிறகு பெறுநர் முகவரிக்கு 32 பைட், தொகைக்கு 32 பைட். ஒரு டோக்கனை அனுப்பச் சொல்லும் முழுச் செய்தியும் 68 பைட்டில் அடங்கிவிடுகிறது. பெயரும் வகையும் ஒன்றாக இருந்தால் எல்லா டோக்கனுக்கும் அந்த 4 பைட்டுகள் ஒன்றுதான் என்பதால், நீங்கள் நேற்று உருவாக்கிய டோக்கனையும் வாலட்டால் இன்று கையாள முடிகிறது.

எத்தீரியத்தின் கணிப்பொறிக்குப் பின்ன எண்கள் தெரியாது, எல்லாமே முழு எண். அதனால் 'டெசிமல்ஸ்' என்று ஓர் எண்ணைக் குறிப்பிடுகிறோம். பெரும்பாலான டோக்கன்களில் அது 18, டாலர் மதிப்பை ஒட்டியிருக்கும் யுஎஸ்டிசி என்ற டோக்கனில் 6. டெசிமல்ஸ் 18 என்றால், ஒரு டோக்கன் என்று வாலட் காட்டுவது கான்ட்ராக்டுக்குள் 1-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியங்கள். பத்து லட்சம் டோக்கன் வேண்டுமென்று வெறும் 10,00,000 என எழுதிவிட்டால், கைக்கு வருவது ஒரு டோக்கனில் கண்ணுக்கே தெரியாத துணுக்கு.

நிரலை முதலிலிருந்து எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது என்பேன். ஓப்பன்செப்பெலின் என்ற நூலகத்தில் பலரும் ஆராய்ந்து பார்த்த இஆர்சி-20 நிரல் இருக்கிறது. அதை இறக்குமதி செய்து, பெயரையும் குறியீட்டையும் கொடுத்து, கன்ஸ்ட்ரக்டருக்குள் (தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் பகுதிக்குள்) 'மின்ட்', அதாவது புதிய டோக்கனை உருவாக்கு, என்று ஒரு வரி எழுதினால் டோக்கன் தயார்.

சரி, நிரலை நெட்வொர்க்கில் ஏற்றும் டெப்ளாய் பட்டனை அழுத்துகிறீர்கள். வாலட் ஒரு பரிவர்த்தனையில் கையெழுத்திடுகிறது. அதில் பெறுநர் இடம் காலி. பெறுநர் இல்லையென்றால் புதிய கான்ட்ராக்ட் என்று நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும். அதன் முகவரியை யாரும் வழங்குவதில்லை. உங்கள் முகவரியையும், அதிலிருந்து இதுவரை எத்தனை பரிவர்த்தனை போயிருக்கிறது என்ற எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து, கடைசி 20 பைட்டுகளை எடுத்தால் அதுவே முகவரி. டெப்ளாய் செய்வதற்கு முன்பே அதை நீங்கள் கணக்கிட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பிய பைட்டுகளுக்குள் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. முதலாவது உடனே ஒரு முறை ஓடும். கன்ஸ்ட்ரக்டர் அதில்தான் இருக்கிறது; அட்டவணையில் முதல் எண்ணை எழுதுவது அதுதான். வேலை முடிந்ததும் அது இரண்டாவது நிரலைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது மட்டும்தான் பிளாக்செயினில் நிரந்தரமாகத் தங்கும். இதற்கான கேஸ் (கட்டணத்தை அளக்கும் அலகு) கணக்கு வெளிப்படையானது: பரிவர்த்தனைக்கு 21,000, கான்ட்ராக்ட் உருவாக்க 32,000, தங்கப்போகும் ஒவ்வொரு பைட்டுக்கும் 200. நிரல் 5,000 பைட் என்றால் சேமிப்புக்கு மட்டும் 10 லட்சம் கேஸ். 24,576 பைட்டுக்கு மேல் போனால் நெட்வொர்க் ஏற்றுக்கொள்ளாது.

கன்ஸ்ட்ரக்டர் ஓடி மறைந்துவிடுகிறது என்பதில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் அழகு இருப்பதாக நினைக்கிறேன். மின்ட் வரி கன்ஸ்ட்ரக்டருக்குள் மட்டும் இருந்தால், இனிமேல் ஒரு டோக்கன்கூட யாராலும் புதிதாக உருவாக்க முடியாது. உருவாக்கியவரே நினைத்தாலும் வழியில்லை. 'இனி அச்சடிக்க மாட்டேன்' என்று ஒருவர் வாக்குக் கொடுப்பதும், அச்சடிக்கும் வழியே நிரலில் இல்லாமல் இருப்பதும் ஒன்றாகுமா?

ஆனால் மாற்ற முடியாது என்றால் பிழையையும் மாற்ற முடியாது. 2018 ஏப்ரலில் பியூட்டிசெயின் என்ற டோக்கனுக்கு நடந்தது இதுதான். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப அதில் ஒரு ஃபங்க்ஷன் இருந்தது. ஆட்களின் எண்ணிக்கையை ஒருவருக்கான தொகையால் பெருக்கி, அவ்வளவு இருப்பு அனுப்புநரிடம் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஒருவர் இரண்டு முகவரிகளைக் கொடுத்து, தலைக்கு 2-இன் 255-ஆம் அடுக்கு என்று கேட்டார். அது 77 இலக்க எண். இரண்டால் பெருக்கினால் 2-இன் 256-ஆம் அடுக்கு. 256 பிட் எண்ணில் அது கொள்ளாது, சுற்றிக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடும். இருப்பு பூஜ்ஜியத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? இருக்கிறது. அனுப்புநரிடமிருந்து பூஜ்ஜியம் கழிந்தது, இரண்டு முகவரிகளிலும் அந்த ராட்சத எண் ஏறியது. அதே ஃபங்க்ஷனில் கூட்டலும் கழித்தலும் பாதுகாப்பான முறையில் எழுதப்பட்டிருந்தன, பெருக்கல் ஒன்றைத் தவிர. 2020 டிசம்பரில் வந்த சாலிடிட்டி 0.8 முதல், இப்படி எண் நிரம்பி வழிந்தால் பரிவர்த்தனை தானாகவே ரத்தாகிறது.

நிரலில் பிழை இல்லாமலே பணம் போகும் வழியும் உண்டு. 'அப்ரூவ்' ஃபங்க்ஷன் இன்னொரு முகவரிக்கு உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் உரிமை தருகிறது. டோக்கன் பரிமாற்றத் தளங்கள் அதை வைத்துத்தான் இயங்குகின்றன. ஆனால் பல தளங்கள் வரம்பில்லாத தொகைக்கு அனுமதி கேட்கும். மோசடித் தளம் ஒன்றில் அப்படிக் கையெழுத்திட்டால், அனுமதியை நீங்கள் ரத்து செய்யும்வரை டோக்கனை எப்போது வேண்டுமானாலும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், எல்லா டோக்கனும் மாறாதது என்று நம்பிவிட வேண்டாம். அட்டவணையை ஒரு கான்ட்ராக்டிலும் நிரலை வேறொன்றிலும் வைத்து, நிரலை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிராக்ஸி முறை உண்டு. யுஎஸ்டிசி அப்படித்தான் இயங்குகிறது. பிழை திருத்த இது உதவும். கூடவே, திருத்தும் உரிமை உள்ளவரை நம்பியாக வேண்டும். ஆகவே ஒரு டோக்கனைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது மின்ட் ஃபங்க்ஷன் வெளியே திறந்திருக்கிறதா, அதை யார் அழைக்கலாம், பிராக்ஸி இருக்கிறதா என்பவற்றைத்தான்.

இதைத் தேட மூல நிரல் வேண்டும். பிளாக்செயினில் இருப்பது வெறும் பைட்டுகள். நீங்கள் மூல நிரலையும் கம்பைலர் பதிப்பையும் அமைப்புகளையும் ஈதர்ஸ்கேனில் கொடுத்தால், அது மறுபடி கம்பைல் செய்து, பைட்டுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தபிறகே நிரலை வெளியிடும். டெப்ளாய் செய்த அன்றே இதையும் முடித்துவிடுவது நல்லது. நாளாக ஆக எந்தக் கம்பைலர் பதிப்பை, எந்த அமைப்பில் பயன்படுத்தினோம் என்பது மறந்துபோகும். அதில் ஒன்று மாறினாலும் பைட்டுகள் பொருந்தாது.