புல்லுக்குள் தனியாகக் கிடக்கும் முயல்குட்டி அநாதை இல்லை

மழை பிடித்துவிட்டால் எங்கள் கிளினிக்கிற்கு அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். பெங்களூரின் கனகபுரா ரோடு, எலஹங்கா, ஹெசரகட்டா பக்கம் புதிதாகப் போட்ட லேஅவுட்டுகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. பெட்டிக்குள் பழைய துண்டு, துண்டுக்குள் ஒரு காட்டு முயல்குட்டி. "டாக்டர், காலையிலிருந்து பாக்குறோம், தாய் வரவே இல்லை. பசியில கெடக்குது பாவம்" என்பார்கள்.

தாய் பகலில் வராது. குட்டி கிடக்கும் இடத்தை நரியோ கீரியோ நாயோ மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று அது ஒதுங்கியே இருக்கும். இருட்டிய பிறகு வந்து, சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கொழுப்புச் சத்து மிகுந்த பால் என்பதால் அந்த ஒரு வேளை போதும்.

கடையில் கூண்டோடு வாங்கும் வெள்ளை முயலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியாது. அது ஐரோப்பியக் குழிமுயலின் வம்சம். அந்த இனம் வளை தோண்டி, மயிரும் இல்லாத, கண்ணும் திறக்காத குட்டிகளைப் போடும். நம் காட்டு முயலான கருங்கழுத்து முயல் வேறு ஜாதி. வளை தோண்டாது. புல்லை அழுத்தி, தன் உடம்பு கொள்ளும் அளவு பள்ளமாக்கிப் படுத்துக்கொள்ளும். குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். காதை முதுகோடு ஒட்டி, மூக்கு மட்டும் லேசாகத் துடிக்க, அது அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. அதைத்தான் நாம் 'சோர்ந்து கிடக்குது' என்று படிக்கிறோம். மடியில் வைத்ததும் அடங்கி இருந்தால் "பழகிடுச்சு டாக்டர்" என்பார்கள். பழகவில்லை, பயத்தில் உறைந்து போயிருக்கிறது. அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகிற குட்டிகள் உண்டு.

அதைவிட மோசம் ஃபில்லர். பசும்பாலை வாயில் பீய்ச்சுவார்கள். என் மேசைக்கு வரும்போது மூக்கு நுனியில் வெள்ளையாக நுரை நிற்கும், ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்கும். பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பிறகு நான் செய்வதற்கு அதிகமில்லை. நுரையீரல் தப்பினாலும் வயிற்றுப்போக்கு விடாது.

எடுத்து வந்துவிட்டீர்களா? சரி, அன்று அந்தி சாய்வதற்குள் எடுத்த அதே இடத்தில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். மனித வாசம் பட்டால் தாய் சேர்க்காது என்று பயப்பட வேண்டாம். "நாங்களே வளர்த்துடுறோம்" என்று சிலர் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தப்பித் தவறி வளர்ந்தாலும் கூண்டில் முட்டி மோதிக் காலை உடைத்துக்கொள்ளும். "தன் புழுக்கையையே தின்னுதே, பைத்தியமா?" என்றும் ஒருவர் கேட்டார். இல்லை. மென்மையாக வரும் முதல் புழுக்கையைத் திரும்பத் தின்று சத்தெடுப்பது முயலின் இயல்பு.

உதவி தேவைப்படும் குட்டியும் உண்டு. நாயோ பூனையோ கவ்வியது, ரத்தம் வழிவது, எறும்பு மொய்ப்பது, தாய் பக்கத்திலேயே செத்துக் கிடப்பது. பூனைப் பல் பட்ட காயம் சின்னதாகத் தெரிந்தாலும் சீழ் பிடித்துவிடும், காத்திருக்காதீர்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ உடனே சொல்லுங்கள்.

அப்புறம், காலி சைட்டில் புல் வெட்டுபவர்களுக்கு ஒன்று. மெஷினை ஓட்டும் முன் ஒருவர் மெதுவாக நடந்து பார்த்துவிடலாம். பெரிய முயல் காலடி அருகில் வரும்வரை படுத்திருந்து, பிறகுதான் வளைந்து வளைந்து பாயும். குட்டி அப்போதும் எழாது. இரவில் வண்டி ஓட்டுபவர்கள், வெளிச்சத்தில் முயல் திகைத்து நின்றாலோ, முன்னாலேயே ஓடினாலோ, ஹாரன் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து ஹெட்லைட்டை டிம் செய்யுங்கள். கண் தெளிந்ததும் அதுவாகப் புதருக்குள் போய்விடும்.