புலன் உணர்வுச் சிக்கல் உள்ள பிள்ளை: மதிப்பீடும் ஓகேயு அட்டையும்

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்குப் பதிவு ஏழு பிரிவுகளில் நடக்கிறது: செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல் சிக்கல், மனநலம், பல்வகைக் குறைபாடு. இவற்றுள் புலன் உணர்வுச் சிக்கலுக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. ஓசையையும் தொடுகையையும் தாங்க முடியாமல் தவிக்கும் பிள்ளையின் பெற்றோர், இதைக் கேள்விப்பட்டதும் "அட்டைதான் கிடைக்காதே, எதற்குப் போய் அலைவது" என்று இருந்துவிடுவதுண்டு. அப்படி இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் மதிப்பீடு பெறுவதற்கும், அவர் பரிந்துரைத்தால் அரசு மருத்துவமனையில் சாராகெர்ஜா எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையை (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) தொடங்குவதற்கும் அட்டை தேவையில்லை.

மருத்துவர்களும் புலன் உணர்வுச் சிக்கலைத் தனி நோயாகப் பெயரிட்டு எழுதுவது அரிது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் ஓசை, தொடுகை, மணம் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அதில் சேர்க்கப்பட்டது. ஆகவே மருத்துவர் ஆட்டிசம், கவனக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பற்றி விசாரித்தால் பெற்றோர் பதற வேண்டாம். பிள்ளைக்கு அவையெல்லாம் இருக்கின்றன என்று அதற்குப் பொருளல்ல. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குச் செவிப் பரிசோதனை செய்யச் சொல்வதும் முறையான நடவடிக்கையே.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருப்பவர்கள், தடுப்பூசி போடும் அதே அரசு சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் மைகிட் எனும் பிள்ளைகளுக்கான அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பதினெட்டு மாதத்தில் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலைக் கொண்டு பிள்ளையைச் சோதித்திருப்பார்கள். அதில் குறை எதுவும் தெரியவில்லை என்பதற்காகப் பிறகு தோன்றும் அடையாளங்களை விட்டுவிட வேண்டியதில்லை. கிளினிக் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தால், ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற இடத்தில் குழந்தை நல நிபுணரைப் பார்க்க முடியும். குடிமக்களுக்குக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டும், நிபுணர் பிரிவில் ஐந்து ரிங்கிட்டும் கட்டணம். நாட்கூலிக்குச் செல்லும் குடும்பத்துக்கு இந்தக் கட்டணத்தைவிட ஈப்போ போய்வரும் நாளில் இழக்கும் கூலியே பெரிது என்பதால், அந்த ஒரு சந்திப்பு வீண்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் பிள்ளையைப் பார்க்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் பிள்ளை அமைதியாகவே உட்கார்ந்திருக்கக்கூடும். எனவே வீட்டிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். "அடம் பிடிக்கிறான்" என்று எழுதினால் போதாது. "சட்னி அரைக்க பிளெண்டரைப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுகிறான், நிறுத்திய பிறகும் வெகுநேரம் உள்ளே வர மறுக்கிறான், பள்ளிச் சட்டையின் கழுத்துப்பட்டியிலுள்ள துணிச்சீட்டை வெட்டி எடுத்த பிறகே போட்டுக்கொண்டான்" என்று நடந்ததை நடந்தபடி, நாளும் வேளையும் குறித்து எழுத வேண்டும். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கியதும் பிள்ளை என்ன செய்கிறது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டலாம். பாலர் பள்ளி ஆசிரியர் ஒரு பக்கம் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. மலாய் பேசத் தயங்கும் தாயார், தங்கையையோ பக்கத்து வீட்டு அக்காவையோ உடன் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் துவண்டுபோன தாய்மார்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம் பெரும் துணை.

மதிப்பீட்டின் முடிவில் ஆட்டிசம், கவனக்குறைவுடன் கூடிய மிகைச் செயல்பாடு, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுள் ஒன்று உறுதியானால், கற்றல் சிக்கல் பிரிவில் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வரும் இந்தப் பதிவு கட்டாயமன்று, இலவசமானது. மருத்துவர் தம் பகுதியை நிரப்பிக் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைச் சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் மாவட்ட அலுவலகம். மருத்துவர் உறுதிப்படுத்திய பக்கத்தை மறக்காமல் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பள்ளி விவகாரத்தில் அது மறுபடியும் தேவைப்படும்.

பள்ளியைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, மருத்துவர், செவித்திறன் நிபுணர், உளவியலாளர் முதலியோர் அரசுப் பணியில் இருந்தாலும் தனியாரானாலும் பிள்ளையின் தேவையை உறுதிப்படுத்தலாம். சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் மாணவருக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. அந்நாள்களில் வகுப்பாசிரியரிடம் பிள்ளை எந்தச் சத்தத்துக்கு மிரளும், எதைத் தொட்டால் அழும் என்பதை வெளிப்படையாகச் சொல்லி வைப்பது நல்லது.

எந்தப் பெயரும் உறுதியாகாமல் "பொறுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொல்வதும் உண்டு. அப்போது வெறுங்கையோடு திரும்பாமல், தொழில்வழிச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்க முடியுமா என்று கேட்டு, அடுத்த மறுபரிசீலனை எப்போது என்பதையும் மருத்துவமனைச் சந்திப்பு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.