அன்னாசி அறுத்த முப்புரி

வாசகர் ஒருவர் தம் தோல்வியைக் கணக்கோடு எழுதி அனுப்பியிருக்கிறார். விருந்துக்காக அரை லிட்டர் பழ ஜெல்லி தயாரித்திருக்கிறார். அதில் 40 சதவீத வோட்கா 150 மில்லி, ஜெலட்டின் 14 கிராம், புதிதாக நறுக்கிய அன்னாசித் துண்டுகள் இரண்டு கைப்பிடி. சிறு கிண்ணங்களில் ஊற்றி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தும், காலையில் அது சாறாகவே கிடந்ததாம். வோட்காதான் கெடுத்ததா என்பது அவர் கேள்வி. இல்லை, வோட்கா இதில் நிரபராதி. ஆனால் அதை விளங்கிக்கொள்ள, ஜெல்லி ஏன் உறைகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செய்முறையில் பெரிய சூட்சுமம் ஏதுமில்லை. ஜெலட்டின் தூளைக் குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் ஊறவிட்டு, சூடான பழச்சாற்றில் கரைத்து, ஆறிய பின் வோட்காவைச் சேர்த்துக் குளிரவைக்க வேண்டும். ஊறவைக்காமல் நேராகச் சூட்டில் கொட்டினால், தூளின் வெளிப்புறம் பிசுபிசுத்து நீரை உள்ளே விடாமல் தடுத்துக் கட்டி கட்டும். வோட்காவைக் கொதிக்கும்போது ஊற்றினால் ஆல்கஹாலில் ஒரு பகுதி ஆவியாகிவிடும்.

ஜெலட்டினின் தாய் கொலாஜென். விலங்குகளின் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் இந்தப் புரதம், மூன்று நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட ஒரு கயிறு. ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் மூன்றுக்கு ஒன்று, தவறாமல், கிளைசின். மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில் வேறெதற்கும் இடமில்லை. பக்கக்கிளை என்று ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் வைத்திருக்கும் கிளைசின்தான் அந்த இடுக்கில் அடங்கும். இந்த முப்புரி அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மறு ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். தசைநாணின் அணுக்களை எண்ணுவதால் என்ன பயன் என்று அன்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால், நேர்மையான விடை எதுவும் இருந்திருக்காது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்று இன்று ஆய்வாளர்களிடம் கேட்கப்படும் போதெல்லாம் எனக்கு இந்தக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

தோலையும் எலும்பையும் அமிலத்திலோ காரத்திலோ பதப்படுத்திச் சூடாக்கும்போது முறுக்கு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகப் பிரிகின்றன, அதுவே ஜெலட்டின். வெந்நீரில் அவை தாறுமாறாக நெளிந்துகொண்டிருக்கும். நீர் குளிர்ந்ததும் மறுபடி முறுக்கிக்கொள்ள முயல்கின்றன. ஆனால் ஒவ்வோர் இழைக்கும் அதன் பழைய துணைகள் கிடைப்பதில்லை. எதிர்ப்பட்ட அயல் இழையோடு இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று குட்டி முப்புரிகள் உருவாகின்றன. ஒரே இழை பல இடங்களில் பலரோடு பின்னிக்கொள்வதால், கயிறாக வேண்டியது வலையாகிவிடுகிறது. எடையில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான அந்த வலை, மீதி 97 சதவீதத் திரவத்தையும் நகரவிடாமல் பிடித்துவைக்கிறது. பாதி வழியில் நின்றுபோன ஒரு முயற்சியைத்தான் நாம் ஜெல்லி என்று தின்கிறோம் என்பது எனக்கு எத்தனை முறை எண்ணினாலும் அலுக்காத வியப்பு.

இந்தக் குட்டி முடிச்சுகள் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவிழ்ந்துவிடும். அதனால்தான் ஜெல்லி நாக்கில் பட்டதும் உருகுகிறது. முடிச்சின் உறுதிக்கு ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் பெரிதும் காரணம். காட் போன்ற குளிர்கடல் மீன்களின் கொலாஜெனில் அது குறைவு; ஆகவே அவற்றின் ஜெலட்டின் சுமார் 10 டிகிரிக்குக் கீழேதான் உறைகிறது.

இனி வோட்கா. எத்தனாலில் ஜெலட்டின் கரையாது. கலவையில் ஆல்கஹால் மிகுந்தால் இழைகள் நீரை இழந்து, வலையாகப் பரவுவதற்குப் பதில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அப்படி நிகழ மிகுதியான ஆல்கஹால் வேண்டும். 15 சதவீதம் வரை கவலையில்லை. வாசகரின் கலவையில் இருந்தது 60 மில்லி எத்தனால், அதாவது 12 சதவீதம். (அதை 20 மில்லிக் கிண்ணங்களில் ஊற்றினால், ஐந்து கிண்ணங்கள் 30 மில்லி வோட்காவுக்குச் சமம். ஜெல்லியில் ஏறிய போதை குறைவு என்று சொல்பவர்கள் கிண்ணங்களை எண்ணாதவர்கள்.)

உண்மைக் குற்றவாளி அன்னாசி. அதில் புரோமெலைன் என்ற நொதிகள் உள்ளன. புரத இழைகளை வெட்டுவதே அவற்றின் தொழில். வெட்டுண்ட குட்டை இழைகளால் பல முடிச்சுகளில் பங்குகொள்ள முடியாது. முடிச்சு இல்லையேல் வலை இல்லை. பப்பாளியின் பப்பெய்னும் கிவியின் ஆக்டினிடினும் அத்தியின் ஃபிசினும் இதே வேலையைச் செய்யும். நம் இரைப்பையும் குடலும் செய்வதும் இதுதான். ஆகவே விழுங்கிய கொலாஜென் தூள் அப்படியே போய்த் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை, தாயத்துக்கு அடுத்த வரிசையில்தான் என்னால் வைக்க முடிகிறது.

நொதியும் ஒரு புரதமே. சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் அதன் வடிவம் குலைந்து செயலிழந்துவிடும். எனவே அன்னாசியை வேகவைத்துச் சேர்க்கலாம், அல்லது ஏற்கெனவே சூடுபடுத்தி அடைக்கப்பட்ட டின் அன்னாசியைப் பயன்படுத்தலாம். உறையவைத்த அன்னாசி உதவாது. குளிரில் நொதி அழிவதில்லை, உருகியதும் வெட்டத் தொடங்கிவிடும்.

பச்சை அன்னாசிதான் வேண்டும் என்றால் அகர் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் இது சர்க்கரைச் சங்கிலி என்பதால், புரதம் வெட்டும் நொதிக்கு இதில் வேலையில்லை. நுண்ணுயிரிகளை வளர்க்கும் தட்டில் ஜெலட்டின் வெப்பத்தில் உருகியும் பாக்டீரியாக்களின் நொதிகளால் கரைந்தும் தொல்லை தந்தபோது, நுண்ணுயிர் ஆய்வில் கணவருக்கு உதவிவந்த ஃபேனி ஹெஸ்ஸே 1881-இல் பரிந்துரைத்த மாற்றும் அகர்தான். அதைக் கொதிக்கவைத்தே கரைக்க வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே வந்தால் உறையத் தொடங்கிவிடும் என்பதால், குளிர்ந்த வோட்காவை ஊற்றாமல் அறை வெப்பத்தில் இருப்பதைச் சூடு தணியும் முன்பே கலந்துவிட வேண்டும். உறைந்த அகர் மீண்டும் உருக 85 டிகிரி வேண்டும். ஆகவே அந்த ஜெல்லி நாக்கில் உருகாது, மென்றுதான் விழுங்க வேண்டியிருக்கும்.