'வீக்லி ஒன்ஸ்' என்றால் தினம் ஒன்று இல்லை

மறுபடியும் அதே கேஸ். வாயெல்லாம் புண், காய்ச்சல், வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரிந்து கிடக்கின்றன. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை அந்த அம்மா தினமும் போட்டிருக்கிறார். சீட்டில் 'வீக்லி ஒன்ஸ்' என்று டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வீட்டில் படித்துச் சொன்னவருக்கு ஒன்ஸ் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

மருந்தகத்தில் இருக்கும் எனக்கு இது புதிதில்லை. அதனால்தான் எரிச்சல்.

ஒன்ஸ் என்றால் தினம் ஒருவேளை என்று நம் ஆட்கள் முடிவே கட்டிவிட்டார்கள். பிரஷர், தைராய்டு என்று பழகிய மாத்திரையெல்லாம் அப்படி இருப்பதால் வந்த வினை. ஒன்ஸ் எத்தனை தடவை என்று மட்டும்தான் சொல்லும். நாளுக்கா, வாரத்துக்கா என்பது பக்கத்துச் சொல்லில் இருக்கிறது. டெய்லி இருந்தால் நாளுக்கு ஒருமுறை, வீக்லி இருந்தால் ஏழு நாளைக்கு ஒருமுறை. 'ட்வைஸ் வீக்லி' என்றால் வாரத்தில் இரண்டு தடவை, தினம் இரண்டு வேளை இல்லை. வைட்டமின் டி 60,000 யூனிட்டிலும் இதே கூத்துதான். தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி அட்மிட் ஆகிறார்கள்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. மாத்திரைக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான். கிழமைக்கு இடமே கிடையாது. 1-0-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வாரம் என்கிற பேச்சே காணாமல் போகிறது. டாக்டர்களே, கிழமையை முழுசாக எழுதுங்கள், முடிந்தால் தமிழில். மண்டேவைச் சுருக்கிக் கிறுக்கினால் மார்னிங் என்று படிக்கிற கடைப்பையன்கள் இருக்கிறார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மெத்தோட்ரெக்சேட் வாங்கினால் 'எந்தக் கிழமை?' என்று கேட்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அந்தக் கிழமையை அட்டை மேலேயே எழுதுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான், இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் சேர்த்து இரட்டிப்பாகப் போடவே கூடாது.

தினமும் போட்டது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். புண் வரட்டும், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதன் விஷத்தை முறிக்கிற மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், தயவுசெய்து. சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள்.